மூளிக்கு இருபது அடி

புரட்டாசி 2, வியாழன்

எனக்கு எழுத்து வராது. வேடியப்பன் என்ற பெயரை மட்டும் வரைவேன். அதிலும் கடைசிப் புள்ளி மறந்துபோகும். ஆகவே நான் சொல்கிறேன், சம்பந்தியம்மா எழுதுகிறார்கள். சம்பந்தியம்மா என்றால் மருமகள் உமாவின் தாயார் தில்லைநாயகி. சிதம்பரம் கோர்ட்டில் டைப் அடித்து ஓய்வு பெற்றவர்கள். மகன் முனிரத்தினமும் உமாவும் வேலைக்குப் போய்விட்டால் வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். “கதை கதையாச் சொல்றீங்களே சம்பந்தி, தேதி போட்டுச் சொல்லுங்க. என் விரலும் சும்மா இருக்க மாட்டேங்குது” என்றார்கள். என் பேச்சை நல்ல தமிழாக்கி எழுதுவார்கள். மற்றவர்கள் பேசியதை மட்டும் பேசியபடியே எழுதுவார்களாம். சாட்சி சொன்னதில் கை வைக்கக் கூடாதாம்.

நான் தருமபுரிப் பக்கம். சந்தை சந்தையாகப் போய் மாட்டுத் தரகு செய்தவன். ஒரு மாட்டை ஒரு தடவை பார்த்தால் போதும். பத்து வருஷம் கழித்து வேறு சந்தையில், கொம்பில் வேறு சாயம் அடித்துக் கொண்டுவந்து நிறுத்தினாலும் இன்னார் வீட்டு மாடு என்று சொல்லிவிடுவேன். இந்தப் புது நகருக்கு வந்து மூன்று மாதமாகிறது. செங்கல்பட்டுக்கு வடக்கே, ஏரியை ஒட்டிப் போட்டிருக்கிறார்கள். தீபாவளி வரைதான் இருப்பேன். பை கட்டியபடியே கட்டிலுக்கடியில் இருக்கிறது.

இந்த நகரில் சிமெண்ட் சாக்கடை கிடையாது. தெரு ஓரமாகப் புல் முளைத்த ஒரு வாய்க்கால், கன்றுக்குட்டி படுக்கிற ஆழத்துக்கு. கூரைத் தண்ணீரும் தெருத் தண்ணீரும் அதில் இறங்கிப் பாதி மண்ணுக்குள் போகும். மீதி, தாழ்ந்த மூலையில் இருக்கும் குட்டைக்குப் போகும். அங்கிருந்து ஏரிக்கு. நகரைப் போட்ட கம்பெனியின் எஞ்சினியர் ஷமீமா என்ற பெண் கட்டிக்கொடுத்தது. குட்டையில் கோரை வளர்ந்து நீர்க்கோழிகூட வந்துவிட்டது. குடியிருப்பவர்களுக்கு இது எதுவும் பிடிக்கவில்லை. காரை இறக்கினால் டயரில் சேறு ஒட்டுகிறதாம்.

இன்று காலை நம் வாசலில் ஒரு கருப்பு ஆமை. ஓட்டின் பின்பக்கம் இடது ஓரத்தில் ஒரு சில்லு உடைந்து, கடித்த அப்பளம் மாதிரி இருந்தது. பாவம், தண்ணீர் தேடி வழி தவறி வந்திருக்கிறான் என்று வாளியில் போட்டுக் குட்டையில் விட்டு வந்தேன். ஆமை என்றதும் சம்பந்தியம்மாவின் பேனா நின்றுவிட்டது. வாசலோடு சரி, உள்ளே வரவில்லை என்று சொன்ன பிறகுதான் மறுபடி ஓடியது.

புரட்டாசி 5, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டம். தலைவர் பக்தவத்சலம், இன்சூரன்ஸில் பெரிய அதிகாரியாக இருந்தவர். நெற்றியில் நாமம் ஒரு நாளும் கோணாது. எதிர் வரிசையில் புது வீடு கட்டிக்கொண்டிருக்கிறார்.

“இந்த வாரத்துல மட்டும் நாலு ஆமை” என்றார். “ஒண்ணு என் வீட்டு மணல் மேலேயே ஏறிடுச்சு. நாளைக்கு நடுவீட்டுக்குள்ள புகுந்தா அந்தக் குடும்பம் என்னத்துக்கு ஆகும்? எல்லாம் இந்த வாய்க்கால் வழியா வருது. கீழே குழாய் போட்டு மேலே சிலாப்பு மூடிடலாம். வாயில கம்பி வலை அடிச்சிடலாம்.”

எல்லோரும் கை தூக்கினார்கள். என் மகனும் தூக்கினான்.

ஷமீமா எழுந்து, “சார், மேலே மூடிட்டா தெருத் தண்ணி எந்த வழியா உள்ளே இறங்கும்? அதுவுமில்லாம ஆமை, தவளை எல்லாம் ஏரிக்கும் குட்டைக்கும் போய்வர இது ஒண்ணுதான் வழி” என்றாள்.

“வழியை அடைக்கத்தானேம்மா கூட்டமே போட்டிருக்கோம்!”

ஒரே சிரிப்பு. ஆயுத பூஜை முடிந்து வேலை தொடங்குகிறது.

நாலு ஆமை இல்லை, ஒரே ஆமைதான் என்று எனக்குத் தெரியும். நாலு தடவையும் ஓட்டைப் பார்த்தேன். நாலு தடவையும் குட்டையில் விட்டவன் நான்தான். காது அறுந்த மாட்டை எங்கள் பக்கம் மூளி என்போம். இவனுக்கும் அதுதான் பெயர்.

புரட்டாசி 7, செவ்வாய்

வெயில். மத்தியானம் கீரைக்கூட்டு. மூளி வந்தான். கொண்டுபோய் விட்டேன்.

புரட்டாசி 10, வெள்ளி

இன்று நடந்ததைச் சம்பந்தியம்மா எழுத மாட்டேன் என்றார்கள். சாட்சியை மறைக்கலாமா என்று கேட்ட பிறகு எழுதுகிறார்கள்.

சாயங்காலம் மூளி உள்ளேயே வந்துவிட்டான். செருப்பு வைக்கும் இடத்தைத் தாண்டி, கூடத்தைத் தாண்டி, சாமி அலமாரி வரைக்கும். நான் வாளி எடுக்க ஓடினேன். அதற்குள் வாசலில் உமாவின் வண்டிச் சத்தம். உமாவுக்குப் பல்லி விழுந்தாலே பஞ்சாங்கம் பார்க்க வேண்டும்.

சம்பந்தியம்மா பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து மூளிக்கு மேலே போட்டார்கள், உட்கார்ந்தார்கள், புடவையைத் தரை வரை விரித்துக்கொண்டார்கள்.

“ஏம்மா நட்ட நடுவுல உக்காந்திருக்க?” என்றாள் உமா.

“கால் வலிக்குது.”

“மாமா ஏன் கையில வாளியோட நிக்கிறார்?”

“அவருக்குக் கை வலிக்குது.”

உமா குளிக்கப் போகும்வரை அவர்கள் அசையவில்லை. புடவைக்குள் மூளி மட்டும் சுரண்டிக்கொண்டிருந்தான். அவன் வாளிக்குள் போனதும்தான் சம்பந்தியம்மாவுக்கு மூச்சு வந்தது. “சம்பந்தி, எத்தனை தடவை தண்ணியில விட்டாலும் இது திரும்பி வருதுன்னா, இதுக்குத் தண்ணி வேணாம்னு அர்த்தம். அந்த எஞ்சினியர் பொண்ணைக் கேளுங்க” என்றார்கள்.

ஷமீமா வந்து திருப்பிப் பார்த்தாள். சிரித்தாள். “தாத்தா, இது அவன் இல்லை, அவள். வயித்துல முட்டை. மேட்டுல மண்ணு தேடி வர்றா. நீங்க தினமும் பிடிச்சுக் குட்டையில போட்டா எங்கே போய் வைப்பா?”

சினை மாட்டை அரை மைல் தூரத்தில் நடையை வைத்தே சொன்னவன் நான். கையில் தூக்கிச் சுமந்தும் தெரியவில்லை. பிரசவத்துக்குப் புறப்பட்ட பெண்ணைப் பாதி வழியில் பிடித்துப் பிடித்து மாமியார் வீட்டில் விட்டிருக்கிறேன். சம்பந்தியம்மா இதை எழுதும்போது வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறார்கள். எழுதட்டும்.

புரட்டாசி 13, திங்கள்

வைத்துவிட்டாள்!

இந்த முறை நாங்கள் தொடவில்லை. தள்ளி நின்று பார்த்தோம். தெருவைக் கடந்தாள், வாய்க்காலில் இறங்கினாள், எதிர்க்கரையில் ஏறினாள். தலைவரின் புது வீட்டுக்கு எதிரே, கரையின் உச்சியில் நின்று தன் நீரையே விட்டு மண்ணை நனைத்துக்கொண்டாள். பின்னங்கால் இரண்டும் மாறி மாறி மண்வெட்டி மாதிரி வேலை செய்தன. முட்டையிட்டு மூடி, வயிற்றுத் தகட்டால் தட்டிச் சமமாக்கினாள். நம் வீட்டுத் தரைக்கு டைல்ஸ் போட்ட ஆள் இவ்வளவு சுத்தமாகப் போடவில்லை. பிறகு யாரும் சொல்லாமல் குட்டைக்குப் போய்விட்டாள்.

முட்டையை எடுத்து வேறு இடத்தில் புதைக்கலாமா என்று ஷமீமாவைக் கேட்டேன். “வேண்டாம் தாத்தா, உருட்டினா உள்ள குஞ்சு செத்துடும். ரெண்டு மூணு மாசம் அப்படியே இருக்கணும்” என்றாள்.

அந்தக் கரைதான் சிலாப்புக்காகச் சுண்ணாம்புக் கோடு போட்டிருக்கும் இடம். விஷயத்தை வெளியே சொன்னால், புது வீட்டு வாசலில் ஆமை முட்டை என்று அன்றைக்கே தோண்டி எறிந்துவிடுவார்கள். சொல்லாவிட்டால் சிமெண்ட் விழும்.

எனக்கென்ன, நான் தீபாவளிக்கு ஊருக்குப் போகிறவன்.

புரட்டாசி 16, வியாழன்

நேற்று ஆயுத பூஜை. ஒவ்வொரு காருக்கும் சந்தனம், ஒவ்வொரு கேட்டுக்கும் இரண்டு வாழைமரம். இன்று காலையில் அத்தனை வாழையும் வாய்க்காலில் கிடந்தது. சாயங்காலம் பெரிய மழை. தெருமுனையில் தலைவர் முன்கூட்டியே அடித்துவைத்திருந்த கம்பி வலையில் வாழைத்தண்டு எல்லாம் போய் அடைத்துக்கொண்டு, தண்ணீர் திரும்பி ஏறி அவருடைய மணல் குவியலைத் தொட்டது.

நானும் தலைவரும் முழங்கால் தண்ணீரில் நின்று தண்டு தண்டாக இழுத்துப் போட்டோம். நல்ல பலசாலி. இழுத்து முடித்ததும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு சொன்னார்: “பாத்தீங்களா பெரியவரே, திறந்து கிடக்கிறதாலதான் கண்டவன் வாழைமரத்தைப் போடுறான். மூடிட்டா எப்படிப் போடுவான்?”

அவர் கேட்டிலிருந்து எடுத்த வாழையைத்தான் அப்போது நான் கையில் பிடித்திருந்தேன். அதையும் கரையில் போட்டேன்.

முட்டை இருக்கும் உச்சிவரை தண்ணீர் ஏறவில்லை. மூளி அளந்துதான் வைத்திருக்கிறாள்.

புரட்டாசி 22, புதன்

தலைவர் வீடு தேடி வந்தார். ஐப்பசி பதிமூன்றில் கிரகப்பிரவேசம். கன்றோடு ஒரு பசு வேண்டும். “கலப்பு மாடு வேண்டாம்னு வீட்டுல பிடிவாதம். நாட்டுப் பசு, கெட்ட சுழி இல்லாம, சாதுவா. இந்தப் பக்கம் எங்கே தேடியும் கிடைக்கல. நீங்க மனசு வச்சாதான் ஆகும். என்ன கேட்டாலும் தர்றேன்.”

அவர் ‘என்ன கேட்டாலும்’ என்றதும் நான் தோளிலிருந்த துண்டை எடுத்தேன்.

சந்தையில் வாயால் விலை பேச மாட்டோம். இரண்டு பேர் கையும் துண்டுக்குள் இருக்கும். விரலைப் பிடித்தால் விலை, மடக்கினால் அதில் பாதி. சுற்றி நிற்பவனுக்கு ஒன்றும் தெரியாது. கையை உதறாமல் எடுத்தால் பேச்சு முடிந்தது. அதற்குப் பிறகு மாறினால் அவனைச் சந்தையில் யாரும் மதிக்க மாட்டார்கள். முஷ்டி முழுவதையும் சேர்த்துப் பிடித்தால் மந்தையோடு எல்லாவற்றையும் எடுத்துக்கொள்கிறேன் என்று அர்த்தம். என் ஆயுசில் அப்படிப் பிடித்தவர் ஒரே ஒருவர்தான், அரூர்ச் சந்தையில், மஞ்சள் குடையோடு வந்த ஒரு செட்டியார்.

இதையெல்லாம் சொன்னதும் தலைவருக்கு முகமெல்லாம் சிரிப்பு. நாற்காலி நுனிக்கு வந்து கையை நீட்டினார்.

“பணம் வேணாம் தலைவரே. உங்க வீட்டு முன்னால வாய்க்கால் நாப்பது அடி. அதுல சிலாப்பு போடாம எத்தனை அடி விடுவீங்க, பொங்கல் வரைக்கும்? ஒரு விரலுக்குப் பத்து அடி.”

“இது என்ன வேடிக்கை? எதுக்கு?”

“துண்டுக்குள்ள ‘எதுக்கு’ன்னு கேக்க விரல் கிடையாது.”

நான் அவருடைய நாலு விரலைப் பிடித்தேன். உதறினார். என் விரலில் ஒன்றை மடக்கினார், அதாவது ஐந்தடி. நான் உதறினேன். பசுவின் திமிலைப் பற்றிக் கொஞ்சம் சொன்னேன். கன்றின் நெற்றியில் வெள்ளைப் பொட்டு என்றேன். ஒரு விரலுக்கு வந்தார். ஒன்றரைக்கு வந்தார். வேர்த்துவிட்டது அவருக்கு. கடைசியில் இரண்டு விரலைப் பிடித்து அழுத்தி, கையை மெல்ல எடுத்துக்கொண்டார்.

“முப்பது வருஷம் இன்சூரன்ஸ்ல பேசியிருக்கேன். இவ்வளவு நல்லாப் பேசினதில்லை” என்றார்.

இருபது அடி. கிழக்குப் பக்கம் என்று நான்தான் சேர்த்துக்கொண்டேன்.

ஐப்பசி 3, திங்கள்

தீபாவளி. பஸ்ஸில் கூட்டமாக இருக்கும் என்பதால் ஊருக்குப் போகவில்லை. (பஸ் நேரம் யாரையும் கேட்கவில்லை. இதை எழுதுவது நான். – தி.நா.)

ஐப்பசி 12, புதன்

தெரு முழுக்க சிலாப்பு. தலைவர் பேச்சு மாறவில்லை. கிழக்கே இருபது அடி புல்லோடு இருக்கிறது. கேட்டுக்கு நேராகச் சிலாப்புக்குப் பதில் பளபளவென்று இரும்புக் கம்பித் தட்டு போட்டிருக்கிறார். செவலைப் பசுவும் கன்றும் வந்து இறங்கிவிட்டன. நாளை விடியற்காலை முகூர்த்தம்.

ஐப்பசி 13, வியாழன்

தூறல். மேளம். அகத்திக்கீரை தின்றுகொண்டு பசு மகாராணி மாதிரி கேட்டுவரை வந்தது. கம்பித் தட்டைப் பார்த்தது. நின்றது.

கம்பிக்கு நடுவே ஓட்டை தெரிந்தால் மாடு கால் வைக்காது. நான் இதை நினைத்துப் பார்க்கவே இல்லை. சந்தையில் ஏது கம்பித் தட்டு? கோணி விரித்தார்கள். ஒரு கால் வைத்தது. அடியில் தண்ணீர் சலசலத்ததும் எடுத்துவிட்டது. தலைவர் பின்னாலிருந்து தள்ளினார். அது திரும்பி அவர் பட்டு அங்கவஸ்திரத்தை மோந்து பார்த்தது.

“முகூர்த்தம் போறது ஓய்!” என்றார் ஐயர்.

தலைவர் கண் கிழக்கே போனது. அந்தப் பக்கம் காம்பவுண்டுச் சுவர் இன்னும் எழும்பவில்லை. “பெரியவரே, உங்க இருபது அடி இருக்கே! புல்லுதானே, அது வழியா இறக்கி ஏத்திடுங்க!”

பசு இறங்கி ஏறினால் நேராக அந்த உச்சிதான். குளம்பு ஒன்று போதும். கயிறு என் கையில். ஊரே பார்க்கிறது. இழுக்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

அப்போது சம்பந்தியம்மா, அரக்குப் பட்டுப் புடவை, ஒரு கையில் குடை, ஒரு கையில் அந்தப் பிளாஸ்டிக் நாற்காலி. வாய்க்காலில் இறங்கி, அந்தக் கரையில் ஏறி, சரியாக அந்த இடத்துக்கு மேல் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட்டார்கள். நாலு காலுக்கு நடுவில் மூளியின் மண்.

“அம்மா, மாடு வருதும்மா! எழுந்திரு!” என்று உமா கத்தினாள்.

“கால் வலிக்குது. மாட்டைக் கொஞ்சம் தள்ளி ஓட்டிக்கிட்டுப் போகச் சொல்லு.”

பெண்ணைக் கொடுத்த வீட்டம்மாளை, அதுவும் பட்டுப் புடவையில், யார் எழுப்புவார்கள்? பசு புல்லைப் பார்த்ததும் குஷியாக இறங்கியது. நாற்காலிக்கு ஒரு முழம் தள்ளி ஏறியது. கன்று மட்டும் நின்று குடைக்கம்பியை நக்கிவிட்டுப் போனது. உள்ளே போய் நட்டநடுக் கூடத்தில், புது டைல்ஸில், பசு கோமியம் விட்டுச் சாணமும் போட்டது. தலைவரின் மனைவி ஆனந்தத்தில் அழுதுவிட்டார்கள்.

எல்லோரும் உள்ளே போன பிறகுதான் சம்பந்தியம்மா எழுந்தார்கள். “கோர்ட்டுல பொய் சொன்னவங்க வாக்குமூலத்தை எவ்வளவோ அடிச்சிருக்கேன் சம்பந்தி. நானே சொன்னது இல்லை” என்றார்கள்.

“கால் நெசமாவே வலிக்கலீங்களா?”

“இப்ப வலிக்குது.”

கார்த்திகை 10, புதன்

மூன்று நாளாக விடாத மழை. சிலாப்பு போட்டபின் தெருத் தண்ணீருக்கு இறங்க வழியில்லை. தெருவிலேயே ஓடி வந்து தலைவர் வீட்டுக் கிழக்குப் பக்கம், அந்த இருபது அடிக்குள் திபுதிபுவென்று விழுந்து குட்டைக்குப் போகிறது. அந்த ஓரம் மட்டும்தான் தெருவில் தண்ணீர் தேங்கவில்லை. மற்ற வீட்டுக்காரர்கள் எல்லோரும் காரைக் கொண்டுவந்து தலைவர் வாசலில் நிறுத்திவிட்டார்கள். அவர் காரை எடுக்க இடமில்லை.

“என் வீடு என்ன ஸ்டாண்டா?” என்று மாடியிலிருந்து கத்துகிறார்.

நானும் சம்பந்தியம்மாவும் ஒரு குடையில் போய்ப் பார்த்தோம். தண்ணீர் கரையின் முக்கால்வரைதான். உச்சி மண் அப்படியே. இரண்டு பேருக்கும் சளி. உமா கஷாயம் வைத்துக் கொடுத்துத் திட்டினாள்.

மார்கழி 6, ஞாயிறு

விடிந்தும் விடியாத நேரத்தில் எதிர்வீட்டில் ஒரு அலறல். ஓடினோம். தலைவரின் மனைவி பெரிய கோலம் போட்டு நிமிர்ந்திருக்கிறார்கள். கோலத்தின் நடுவே கடலை மிட்டாய் வில்லை அளவில் ஒரு ஆமைக்குஞ்சு நடக்கிறது. அதன் பின்னால் இன்னொன்று. இன்னொன்று. கோலமாவு ஒட்டிய காலோடு வரிசையாகத் தெருவைப் பார்த்துப் போகின்றன. எண்ண ஆரம்பித்து இரண்டு தடவை எண்ணிக்கை தவறிவிட்டது, பனிதான்.

தலைவர் ஈரத் துண்டோடு வந்தார். நாமம் பாதிதான் இட்டிருந்தது. குஞ்சுகள் வந்த வழியைக் கண்ணால் பிடித்துக்கொண்டே போய், கரை உச்சியில் மண் பிளந்திருந்த பொத்தலில் நின்றார். இருபது அடியைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சம்பந்தியம்மாவைப் பார்த்தார்.

“அன்னிக்கு அந்த நாற்காலி…”

“கால் வலி” என்றார்கள் சம்பந்தியம்மா.

அவர் மனைவி, “ஆமைங்க! நம்ம வீட்டு வாசல்ல ஆமை!” என்று முந்தானையைப் பிடித்துக்கொண்டு அழத் தயாராக நின்றார்கள். தலைவர் கையைத் தூக்கினார். இன்சூரன்ஸ்காரர் யோசிக்கும்போது உதடு மட்டும் அசைகிறது.

“இரு. வீட்டுக்குள்ள புகுந்தாத்தானே தோஷம்?”

“ஆமா…”

“இதெல்லாம் எங்கே புகுந்தது? இங்கேயே பொறந்து இங்கேருந்து கிளம்பிப் போகுது. பொண்ணு கட்டிக் கொடுத்து அனுப்புற மாதிரி. இது அந்தக் கண்டிஷன்ல வரவே வராது!”

அந்த அம்மாள் கொஞ்சம் யோசித்தார்கள். பிறகு வழியில் நின்ற காருக்கடியில் மாட்டிய ஒரு குஞ்சைத் துடைப்பத்தால் மெதுவாகத் தள்ளி வாய்க்காலுக்கு வழி காட்டினார்கள். புல்லில் இறங்கியதும் அது காணாமல் போனது. பக்கத்துச் சிலாப்பின் மேல் ஏறிய ஒன்று மட்டும் விளிம்பில் நின்று, இறங்க இடம் தெரியாமல் தலையை நீட்டி நீட்டிப் பார்த்தது. தலைவரே குனிந்து எடுத்தார். உள்ளங்கையில் வைத்து, மூக்குக்கு நேரே கொண்டுபோய், பிறகு புல்லில் விட்டார். இறங்கி வாய்க்காலில் நின்றபடியே தெருக்கோடிவரை சிலாப்புகளைப் பார்த்தார்.

“பெரியவரே, கை குடுங்க.”

ஈரத் துண்டை என் கைமேல் போர்த்தினார். நாலு விரலைப் பிடிப்பார், தன் வீட்டு நாற்பது அடியையும் விடுவார் என்றுதான் நினைத்தேன். அவர் என் முஷ்டி முழுவதையும் சேர்த்துப் பிடித்தார். உதறாமல் எடுத்தார்.

வீட்டுக்கு வந்ததும் கட்டிலுக்கடியிலிருந்து பையை இழுத்து வேட்டிகளை அலமாரியில் வைத்தேன். பூச்சி அரிக்கிறது, அதனால்தான். சம்பந்தியம்மா நோட்டோடு வந்து, என்ன பேரம் முடிந்தது என்று கேட்டார்கள். துண்டுக்குள் பேசியதை வெளியே சொல்கிற வழக்கமில்லை என்றேன். சொல்லி வாய் மூடவில்லை, தெருவில் கடப்பாறை போட்டு முதல் சிலாப்பை நெம்பும் சத்தம் கேட்டது.